உருட்டல் திசை

அறிவியல்நகரில் கரண்ட் வரும், போகும்.
அதனால் மின்னுருளையை நம்புவதில்லை நான்.
வவுனியாவில் நகைக்கடை ஒன்று மூடும்போது
விலைபேசி வாங்கி,
பஸ்ஸின் பின்சீட்டில் கிடத்திக்கொண்டுவந்த
கைப்பிடி உருட்டுப்பொறி இது.
அதன் பாரத்துக்கும் ஒரு டிக்கற் எடுக்கச் சொன்னான் கொண்டக்டர்.

பித்தளைத் துண்டு.
செம்பு எழுபது, நாகம் முப்பது,
தடிப்பு இரண்டு மில்லிமீற்றர்.
முதல் வேலை, மூலையில் ஊசியால் ஓர் அம்புக்குறி கீறுவது.
எந்தப் பக்கமாக உள்ளே போனதென்று
நாங்கள் மறந்துபோவோம்.

சூடு காட்டக்கூடாது. பச்சையாகவே உருட்டவேண்டும்.
முதல் தடவை வழுக்கிக்கொண்டு போனது.
ஐந்தாம் தடவை தோள்மூட்டைக் கேட்டது.
ஒன்பதாம் தடவை
ஆரூரனும் நானும் கைப்பிடியில் தொங்கினோம்.
தகடு மெலிந்தது, நீண்டது,
பக்கவாட்டில் மட்டும்
ஒரு மயிரிழைகூட விலகவில்லை.
விலக இடமில்லை.
முன்னே போவது ஒன்றுதான் வழி.

நுணுக்குக்காட்டியின் கீழ்
உருட்டமுதல் பார்த்தபோது
ஆவணியில் இரணைமடுவின் வற்றிய ஓரம்போல
மணி மணியாய்ப் பிரிந்து கிடந்தது,
ஒவ்வொன்றும் தன்பாட்டில் ஒரு பக்கம் பார்த்தபடி.
அமிலம் தொட்டுக் கழுவி
இப்போது பார்க்கிறேன்.
மணிகளைக் காணவில்லை.
இழுபட்ட நார்கள்.
நார்களுக்குக் குறுக்கே சரிந்த கீறல்கள்.
தனித்தனியாய் நின்றதெல்லாம்
ஒரே முகமாய்த் திரும்பியிருந்தன.

வன்மை அறுபத்தெட்டாய் இருந்தது,
இருநூற்று மூன்று ஆகியிருந்தது.
ஆரூரன் ஒரு கீலத்தை விரலால் மடித்தான்.
டிக்.
"வலுக்கூடினதெண்டு எழுதவோ
உடைஞ்சதெண்டு எழுதவோ, அக்கா?"
ரெண்டையும் எழுது என்றேன்.

மிச்சத் தகட்டை உலையில் வைத்தோம்.
ஐந்நூற்று ஐம்பது பாகை, ஒரு மணித்தியாலம்.
அன்றைக்குக் கரண்ட் நின்றுபிடித்தது.
நார்களுக்குள்ளிருந்து புது மணிகள் முளைத்து
பழையவற்றைத் தின்று வளர்ந்திருந்தன.
சுத்தமான முகங்கள்,
உருளையை ஒருநாளும் கண்டிராதவை.
வன்மை எழுபத்திரண்டு.
"பழைய நிலைக்குத் திரும்பியது"
என்று அறிக்கையில் எழுதிவிட்டான் ஆரூரன்.

முறிகண்டியில் லேத் வைத்திருக்கும் யோகேந்திரம்
கடைந்து தந்த அச்சில்
வட்டமாய் வெட்டிய தகட்டை வைத்து
கிண்ணமாய் அழுத்தினோம்.
அம்புக்குறி மூலையோடு வெட்டுப்பட்டுக்
குப்பைக்குப் போய்விட்டிருந்தது.
கிண்ணத்தின் விளிம்பு சமமாய் வரவில்லை.
நாலு இடத்தில் காது எழும்பி நின்றது.
இன்னொன்று அழுத்தினோம். நாலு காது.
இன்னொன்று.
காதுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால்
அம்பு எங்கே இருந்ததென்று சொல்லிவிடலாம்.
ஆரூரன் பேனையை எடுத்து
தன் வசனத்தை வெட்டினான்.

பின்னேரம் விசுவமடுவில் பஸ்ஸால் இறங்கினேன்.
எங்கள் வீடு திட்டத்து வீடு,
கதவு இரண்டு, மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று.
றோட்டு மேற்குப் பக்கம்.
காணி உறுதியும் பிறப்பத்திரங்களும் வைத்த பை
கிழக்குக் கதவடியில் தொங்குகிறது.
அவருடைய பையும் அங்கேதான்.
ஏனென்று நாங்கள் கதைத்ததில்லை.
அபிசாயினி
இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பிறந்தவள்,
மேசை இருக்கிறது, கதிரை இருக்கிறது,
மேற்குக் கதவால்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.
இரவில் புத்தகப் பையைக் கொண்டுபோய்க்
கிழக்குக் கதவடியில் வைத்துவிட்டுப் படுக்கிறாள்.
சப்பாத்தையும்.
வாய் வெளியே பார்த்தபடி.

தொழிற்சாலைகளில் என்றால்
கிண்ணத்தின் காதுகளை வெட்டி எறிந்து
அரத்தால் விளிம்பைச் சமப்படுத்தி அனுப்புவார்கள்.
முதல் கிண்ணத்தை நான் வெட்டவில்லை.
பேனைகள் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன்.
அவசரமாய்க் கைவிட்டால்
கிழிக்கும்.